பெயர் மாறிய மாணவன்: வட்டுக்கோட்டைச் செமினறியும் தமிழும்



பிள்ளையைப் பன்னாட்டுப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டு வரும் பெற்றோரை நம்முள் பலர் சந்தித்திருக்கிறோம். அங்கே ஆங்கிலம் வளரும், உலகம் திறக்கும் என்ற நம்பிக்கை ஒருபுறம். வீட்டையும் தமிழையும் விட்டுப் பிள்ளை விலகிவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளியானால் அச்சம் இன்னும் கூடுகிறது. உணவும் உறக்கமும் நட்பும் வழிபாடும் பள்ளியின் கையில் போய்விடுகின்றன அல்லவா?

இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இதற்கு ஏறத்தாழ இருநூறு வயது. அமெரிக்கர் பணம் கொடுத்து, ஆங்கிலேயர் ஆண்ட மண்ணில், தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடத்திய ஒரு விடுதிப்பள்ளியின் வாசலில் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இதே கேள்வியோடு நின்றார்கள். அப்பள்ளி வட்டுக்கோட்டைச் செமினறி. 1823 முதல் 1855 வரை அது நடந்தது. அங்கே ஒரு தமிழ் மாணவன் எதைப் பெற்றான், எதை விட்டுக் கொடுத்தான், பெற்றதைக் கொண்டு தமிழுக்கு என்ன செய்தான் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கடல் கடந்து வந்த பள்ளி

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். இலங்கை அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேய மிஷன்கள் ஏனைய இடங்களில் பணி தொடங்கியிருந்தமையால் அமெரிக்கருக்குத் தீவின் வடமுனை கிடைத்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முன்னைய ஐரோப்பிய ஆட்சியாளர் விட்டுச்சென்ற தேவாலயங்களும் வீடுகளும் பாழடைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு அவர்கள் குடியேறினர்.

முதலில் ஊர்ப் பள்ளிகளைத் திறந்தார்கள். பிள்ளைகள் பகலில் வந்து படித்துவிட்டு மாலையில் வீட்டுக்குத் திரும்பினர். இதனால் தாங்கள் விரும்பிய மாற்றம் விளையாது என்பதை மிஷனரிமார் விரைவில் கண்டுகொண்டனர். பகலில் பள்ளி சொல்லிக் கொடுத்ததை இரவில் வீடு அழித்துவிடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. விடுதிப்பள்ளி என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வளர்த்தால்தான் கல்வியும் சமயமும் வேரூன்றும் என்று அவர்கள் நம்பினார்கள். விடுதிப்பள்ளியின் வரலாற்றில் இந்தப் பிரிவு தற்செயலாக நேர்ந்த விளைவன்று. அதுவே அக்கல்வியின் கருவி. இதனை ஆசிரியர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

1823ஆம் ஆண்டில் இன்னும் பெரிய திட்டமொன்றை வெளியிட்டார்கள். தமிழ் இளைஞர்க்கு ஒரு கல்லூரி வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் ஆழ்ந்த அறிவு, ஐரோப்பிய அறிவியல், கிறித்தவக் கல்வி ஆகியவற்றோடு தமிழ் இலக்கியப் பயிற்சியையும் அத்திட்டம் நோக்கமாகக் குறித்தது. அமெரிக்கர் கல்லூரி நடத்துவதை அன்றைய குடியேற்ற அரசு விரும்பவில்லை. ஆகவே கல்லூரி என்ற பெயர் இன்றியே நிறுவனம் தோன்றியது; பின்னர் செமினறி என்ற பெயர் நிலைத்தது. டேனியல் பூவர் அதன் முதல் அதிபர். நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லி இம்முயற்சிக்கு ஆதரவளித்தார். அவர் பெயரைத் தாங்கிய ஒட்லி மண்டபத்தை வட்டுக்கோட்டையில் இன்றும் காணலாம்.

அடுத்த ஆண்டே, 1824இல், உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப்பள்ளியை ஹரியட் வின்சுலோ அம்மையார் நடத்தத் தொடங்கினார். பெண்பிள்ளை எழுத்தறிவது குடும்பத்திற்கு ஆகாது என்று பலர் எண்ணிய காலம் அது. பெற்றோரை இணங்க வைப்பதற்காக மணக்காலத்தில் சீதனம் தருவதாகவும் மிஷன் ஒப்புக்கொண்டது. செமினறியில் படித்த இளைஞர்க்குப் படித்த மனைவியர் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

விடுதி வாசலில்: சோறும் பெயரும்

புதிய மாணவன் விடுதிக்குள் நுழைகையில் அவனை எதிர்கொண்ட முதற்சிக்கல் பாடநூலில் இல்லை, சமையலறையில் இருந்தது. உயர்குடியினராகத் தம்மைக் கருதிய வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் மிஷன் வளவில் சமைத்த உணவை உண்ண மறுத்தனர். அங்கே உண்டால் ஊரார் ஒதுக்கி வைப்பர் என்ற அச்சம் பெற்றோரை வாட்டியது. தொடக்க ஆண்டுகளில் மிஷனரிமார் விட்டுக்கொடுத்தார்கள். பக்கத்தில் சைவர் ஒருவருக்குரிய காணியில் சமையற் கொட்டகை அமைத்தார்கள். மாணவன் அமெரிக்கரின் வளவில் படித்தான், வேலிக்கு அப்பால் போய் உண்டான். ஒரு வேலி இரண்டு உலகங்களைப் பிரித்தது. நாளடைவில் அந்தக் கொட்டகைக்கு வேலை இல்லாமற்போய், எல்லாரும் விடுதியிலேயே உண்ணும் வழக்கம் வந்தது.

இந்தச் செய்தியை ஒரே கண்ணோட்டத்தில் பார்த்துவிட முடியாது. சாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது நன்மையே. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை ஒருவன் விடுதியில் உண்ட ஒரு கவளம் அவனைத் தன் உறவினரின் விருந்துப் பந்தியிலிருந்து விலக்கிவிடக்கூடும் என்ற நிலையையும் நாம் மறத்தல் ஆகாது. கல்விக்கு அவன் கொடுத்த விலையில் அதுவும் சேரும்.

இரண்டாவது சிக்கல் பெயர். விடுதிப் பிள்ளைகளின் உணவு, உடை, நூல் ஆகியவற்றுக்கான பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு தேவாலயமோ ஒரு குடும்பமோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும். அப்பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இறந்த உறவினர் ஒருவரின் பெயரோ மதிப்புக்குரிய போதகர் ஒருவரின் பெயரோ கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்துச் சிறுவனின் தலையில் அமர்ந்தது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் பெயர்களைக் கேட்கும்போது நம் மனக்கண்ணில் வெள்ளையர் தோன்றுவர். அவ்விருவரும் செமினறியில் பயின்ற தமிழர். 1841ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய 'உதயதாரகை' என்னும் இருமொழி இதழின் முதல் ஆசிரியர்கள் அவர்களே.

பிற மாணவர் பெயர்கள் பாதியாகப் பிரிந்து நின்றன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என்ற பெயர்களை நோக்குங்கள். முன்பாதி கண்டிராத ஒரு நாட்டிலிருந்து வந்தது. பின்பாதி பெற்றோர் இட்டது. தம் வாழ்நாள் முழுவதும் இரு பெயர்களையும் சுமந்தவர்கள் இவர்கள். எந்தப் பெயரால் தாய் அழைத்தாள், எந்தப் பெயரால் ஆசிரியர் அழைத்தார் என்பதை எண்ணிப் பார்த்தால் விடுதி மாணவனின் இருமை வாழ்வு நமக்கு ஓரளவு புலப்படும்.

படிப்பு முடியும் வரை பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வதில்லை என்று பெற்றோர் உடன்பட வேண்டியிருந்தது. வறிய வீடுகளுக்கு இது பெருஞ்சுமையாகவும் பெரும்பேறாகவும் ஒருங்கே அமைந்தது. வீட்டில் ஒரு கைத்துணை குறைந்தது; ஒரு வயிற்றுக்குச் சோறு கிடைத்தது.

வகுப்பறையில்: இரு மொழி, இரு கணக்கு

இனி வகுப்பறைக்குள் செல்வோம். செமினறியில் ஆங்கில இலக்கணமும் கணிதமும் வானியலும் இயற்கை அறிவியலும் மெய்யியலும் விவிலியமும் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு திருக்குறளும் நன்னூலும் பாடமாக இருந்தன. ஊர்த் தமிழறிஞர்கள் அங்கே ஆசிரியராக அமர்ந்தனர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற் 1850இல் வெளியிட்ட தம் நூலில், இச்செமினறியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்னும் கருத்துப்பட மெச்சி எழுதினார்.

மாணவரை மிகவும் கலங்க வைத்த பாடம் வானியலாகவே இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் கணிக்கும் மரபு வலுவானது. அராலியைச் சேர்ந்த விசுவநாத சாத்திரியார் அதிற் புகழ்பெற்றவர். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி அவருடைய கணிப்பும் டேனியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. கிரகணம் நிகழ்ந்த இரவில் மக்கள் கூடி வானத்தைப் பார்த்தனர். பூவரின் கணக்கே பொருந்தியது என்று மிஷனரிமார் எழுதி வைத்தனர்.

இந்நிகழ்ச்சியை மிஷனரிமாரின் எழுத்து வழியாகவே நாம் பெரிதும் அறிகிறோம். வென்றவர் எழுதிய வரலாறு அது. ஆயினும் அந்த இரவில் அங்கு நின்ற மாணவன் ஒருவனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவன் தகப்பனார் நல்ல நாள் பார்த்ததும் திருமண நாள் குறித்ததும் பஞ்சாங்கத்தைக் கொண்டே. அந்தப் பஞ்சாங்கம் பிழைத்ததைத் தன் கண்ணால் கண்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். மரபுக் கணக்கு முழுவதும் பொய் என்று சில மாணவர் முடிவு செய்தனர். ஆனால் கற்றறிந்தோர் எல்லாரும் அவ்வாறு முடிவு செய்யவில்லை. மிஷனரிமாரிலேயே ஹொய்சிங்டன் என்பவர் தமிழரின் வானநூற் கணக்கை ஊன்றிப் பயின்று, 1848இல் அதனைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் மனம் செமினறியில் உருவாகியிருந்தது என்பதற்கு அது சான்று.

மொழி நிலையிலும் அத்தகைய மனம் உருவாயிற்று. ஆங்கிலத்தில் கற்ற கணிதத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்ற எண்ணம் கரோல் விசுவநாதபிள்ளைக்கு எழுந்தது. 1855இல் அவர் 'வீசகணிதம்' என்னும் தமிழ் நூலை வெளியிட்டார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதும் இந்தச் சூழலிலேதான். அறிவியல் தமிழ் எங்கிருந்து தொடங்குகிறது என்று மாணவர் கேட்டால் அவர்களுக்குக் காட்ட வேண்டிய ஊர்களுள் வட்டுக்கோட்டையும் மானிப்பாயும் உண்டு.

ஒரு மாணவன்: சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை

பொதுவாகப் பேசியது போதும். ஒரு மாணவரைத் தனியே நோக்குவோம். 1832ஆம் ஆண்டில் சிறுப்பிட்டி என்னும் ஊரில் ஒரு பிள்ளை பிறந்தது. தந்தையார் வைரவநாதர். பிள்ளைக்கு இட்ட பெயர் தாமோதரம். தந்தையாரிடமே தொடக்கத் தமிழைக் கற்ற அச்சிறுவன், பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பயின்றான். அதன்பின் தெல்லிப்பழை மிஷன் பள்ளிக்கும், அங்கிருந்து வட்டுக்கோட்டைச் செமினறிக்கும் சென்றான். 1852 வரை அங்கே பயின்றான்.

இந்த வரிசையை ஆசிரியர்கள் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம். விடுதிக்குப் போகும் முன்பே அவனிடம் தமிழ் இருந்தது. பேச்சுத் தமிழ் மட்டுமன்று; கவிராயர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து மனனம் செய்த தமிழும் இருந்தது. செமினறி அவனுக்கு ஆங்கிலமும் அறிவியலும் ஒழுங்குமுறையான ஆராய்ச்சி மனமும் தந்தது. முன்பு பெற்ற தமிழைப் பறிக்கவில்லை. பறிக்க முயன்றிருந்தாலும் எளிதில் பறிபோகக்கூடிய அளவில் அது இல்லை.

செமினறியை விட்டு வெளிவந்தவர் சில காலம் கோப்பாயில் ஆசிரியராக இருந்தார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று, பீற்றர் பெர்சிவல் பாதிரியார் நடத்திய 'தினவர்த்தமானி' இதழில் ஆசிரியப் பணி ஆற்றினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அது நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் இருவர் தேறினர். இருவருமே வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள்: ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் செமினறியில் ஆசிரியராகவும் பணியாற்றிய கரோல் விசுவநாதபிள்ளை. தென்னிந்தியாவின் பெரும் பல்கலைக்கழகத்திற்கு முதற் பட்டதாரிகளைத் தந்தது, அதற்கு ஈராண்டுக்கு முன் மூடப்பட்டுவிட்ட ஒரு யாழ்ப்பாண விடுதிப்பள்ளி.

அவர் பின்னர் அரசுப் பணியில் உயர்ந்தார், சட்டம் பயின்றார், புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார். அவற்றோடு நின்றிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசமாட்டோம். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அவர் பதிப்புகள் தொடர்ந்தன. உ.வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணி வெளிவந்ததும் அதே 1887ஆம் ஆண்டில்தான். தொட்டால் ஓரம் உதிரும், அவிழ்த்தால் இதழ் முறியும் பழைய ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைத் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். பல பிரதிகளைத் தேடித் திரட்டுதல், ஒப்புநோக்குதல், வேறுபாடு கண்டு தெளிதல், தாம் செய்ததை முன்னுரையில் ஒளிவின்றி எடுத்துரைத்தல் ஆகியவை அவர் கைக்கொண்ட முறை. கவிராயர் திண்ணையும் செமினறி வகுப்பறையும் சந்தித்த இடம் அந்தப் பதிப்புரை என்று நாம் கருதுகிறோம்.

பெயரைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். செமினறிக் காலத்தில் இவருக்கும் சார்ள்ஸ் வின்சுலோ என்ற பெயர் வழங்கியது. ஆங்கிலத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் சி. டபிள்யூ. என அமைந்தன. பின்னாளில் அவர் சைவராகவே வாழ்ந்தார். தமிழில் அவர் சி.வை. தாமோதரம்பிள்ளை: சிறுப்பிட்டியின் சி, வைரவநாதரின் வை. ஒரு கண்டத்தார் இட்ட பெயரின் எழுத்துகளோடு தம் ஊரும் தந்தையும் ஏறத்தாழ ஒத்திசைந்து நின்றன. கிடைத்த கல்வியைத் துறக்காமல், தம் பெயரையும் இழக்காமல் வாழ்ந்த ஒருவரின் வரலாறு அந்த ஈரெழுத்தில் அடங்கியிருக்கிறது.

இவர் ஒருவரே விதிவிலக்காக அமைந்தார் என்று கருதிவிட வேண்டாம். தமிழ்ப் புலவர் வரலாற்றை 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் பெயரில் 1886இல் தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை செமினறி மாணவர். பெரிய தமிழகராதி ஒன்றுக்காக உழைத்த கதிரவேற்பிள்ளையும் அங்கே பயின்றவரே. முன்னவர் கிறித்தவராக நிலைத்தார். சமய வழி எதுவாயினும் தமிழ்ப்பணியில் இவர்கள் ஒருமுகமாக நின்றனர்.

1855: மொழியால் மூடப்பட்ட பள்ளி

இத்தகைய பள்ளி ஏன் மூடப்பட்டது? பணமுடையோ மாணவர் குறைவோ முதற்காரணம் ஆகவில்லை. காரணம் மொழி.

அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்தார். மிஷனின் பணம் எதற்காகச் செலவாகிறது என்று அவர் கேட்டார். செமினறியில் ஆங்கிலம் கற்றவர்கள் கிராமங்களுக்குப் போதகராகச் செல்வதில்லை. அரசாங்க எழுத்தராகவும் வணிகக் கம்பெனி ஊழியராகவும் கொழும்புக்கும் இந்தியாவுக்கும் போய்விடுகிறார்கள். ஆங்கிலம் அவர்களைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கிறது. ஆகையால் மக்கள் மொழியிலேயே கல்வி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். செமினறி மூடப்பட்டது.

அண்டர்சன் கண்டது பொய் என்று ஒதுக்க முடியாது. ஆங்கிலக் கல்வி பலரை ஊரைவிட்டு அகற்றியது உண்மை. ஓர் அயல்நாட்டவர் தமிழ்வழிக் கல்விக்காக வாதாடியதும் வியப்புக்குரியதே. ஆயினும் அவர் கண்ணுக்குத் தப்பியது ஒன்று உண்டு. தமிழை அச்சிலும் அறிவியலிலும் ஆராய்ச்சியிலும் நிலைநிறுத்திய கைகள், அவர் மூடிய பள்ளியில் பயின்ற கைகள். தமிழின் நன்மைக்கென மூடிய கதவு, தமிழுக்குப் பணிபுரிந்தோர் வெளிவந்த கதவாகவும் இருந்தது.

வேறொரு விடையை யாழ்ப்பாணத்தார் தாமே தேடினர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். மிஷன் பள்ளிகளின் வகுப்பொழுங்கும் அச்சுப் பாடநூலும் அங்கே வந்தன. சமயமும் பெயரும் வீட்டினுடையவையாக இருந்தன. செமினறியின் பழைய மாணவரான கிறித்தவத் தமிழரோ தம் பள்ளி மீண்டும் வேண்டும் என்று முயன்றனர். 1872இல் அதே வட்டுக்கோட்டையில், ஹேஸ்டிங்ஸ் அதிபராக, யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மூடியவர் அயல்நாட்டவர், திறக்கச் செய்தவர் உள்நாட்டவர்.

மலாயாக் கரையில்

இந்த வரலாறு நமக்கு அயலாரின் கதை ஆகாது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் செல்லும் மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் திறக்கப்பட்டது. பின்னர்ப் பாதைகள் நீள நீள, நிலைய அதிபர்களும் எழுத்தர்களும் தேவைப்பட்டனர். நில அளவைத் துறையிலும் கருவூலத்திலும் மருத்துவமனைகளிலும் அவர்கள் பணியாற்றினர். அண்டர்சன் குறையாகக் கண்ட அந்த ஆங்கிலமே அவர்களைக் கப்பலேற்றியது.

இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898இல் ஈப்போவில் பிறந்தவர். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரும் 1966இல் நாட்டுப் பற்றுறுதியை வரைந்தவருமான எஸ். இராசரத்தினம் 1915இல் பிறந்த ஊர் வட்டுக்கோட்டை. அவர் செமினறி மாணவர் அல்லர், மலாயாவில் வளர்ந்தவர். ஆயினும் அந்த ஊரையும் இந்தக் கரையையும் இணைத்த பாதை பள்ளிகளால் போடப்பட்ட பாதை என்பதை அவர் பிறப்பிடம் நினைவூட்டுகிறது.

அதே காலத்தில் இம்மண்ணில் மற்றொரு தமிழ்ப் பிள்ளையும் இருந்தான். அவன் இரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. தோட்டப் பள்ளியில் அவன் தமிழிலேயே படித்தான், வீட்டோடு இருந்தான், அவன் பெயரை யாரும் மாற்றவில்லை. ஆனால் அந்தப் பள்ளி சில வகுப்புகளோடு முடிந்தது. அதற்கப்பால் அவனுக்குத் திறந்திருந்த வாசல் பெரும்பாலும் பால்மரக்காடுதான். தாய்மொழி இருந்தும் மேற்படிப்புக்கு வழியில்லாத பிள்ளை ஒருவன். வழி திறந்தும் தாய்மொழியை இழக்கும் ஆபத்தில் நின்ற பிள்ளை மற்றொருவன். நம் இருமொழிக் கல்வியின் பின்னே இவ்விரு பிள்ளைகளும் நிற்கிறார்கள். இருவரில் ஒருவரை மட்டும் நினைத்துக் கல்வித் திட்டம் தீட்டினால் மற்றவருக்கு அநீதி இழைத்தவர்களாவோம்.

நாம் கற்றுக்கொள்வது

வட்டுக்கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டு போற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று. பிள்ளையின் பெயரை மாற்றும் உரிமை எந்தப் பள்ளிக்கும் இல்லை. சோற்றையும் கல்வியையும் காட்டிச் சமயத்தை மாற்ற முனைவதும் சரியன்று. ஆயினும் அப்பள்ளியின் வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பிள்ளை வெளியே செல்லும் முன் அவனிடம் எவ்வளவு தமிழ் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. சுன்னாகத்துக் கவிராயரின் திண்ணை இல்லாமல் சி.வை. தாமோதரம்பிள்ளை இல்லை. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்களே இன்று அந்தத் திண்ணை.

இரண்டாவது, தமிழ் எந்த இடத்தில் அமர்த்தப்படுகிறது என்பது. செமினறியில் தமிழ் சமையலறை மொழியாக நின்றுவிடவில்லை; குறளும் நன்னூலும் வானியலோடு ஒரே கூரையின்கீழ் இருந்தன. அறிவு பேசும் இடத்தில் தமிழும் அமர்ந்தால் மாணவன் அதனை மதிப்பான். இன்று பல பன்னாட்டுப் பள்ளிகள் பின்பற்றும் பாடத்திட்டமொன்றில், பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தையும் மாணவர் தாமே பயின்று தேர்வெழுத இடமுண்டு. அவ்வாய்ப்பை நம் பெற்றோரில் எத்தனை பேர் அறிவர்? அறியச் செய்வது நம் கடமை.

மூன்றாவது, கற்றவன் திரும்பி வந்து எதைச் செய்கிறான் என்பது. ஆங்கிலத்தில் கற்ற இயற்கணிதம் 'வீசகணிதம்' ஆயிற்று. நீதிமன்றத்தில் சான்றுகளைச் சீர்தூக்கிய கண் கலித்தொகை ஏடுகளையும் சீர்தூக்கியது. வெளியே பெற்றதை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் பாலத்தை அந்த மாணவர்கள் கட்டினார்கள். தாம் படிக்கும் துறையில் ஒரு பக்கமேனும் தமிழில் எழுதிப் பார்க்குமாறு இங்குள்ள மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தம் பிள்ளையைப் பற்றிய கேள்வியோடு அடுத்த முறை ஒரு பெற்றோர் நம்மிடம் வரும்போது, அனுப்புங்கள் என்றோ அனுப்பாதீர்கள் என்றோ ஒரே சொல்லில் விடை கூற நம்மால் இயலாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் தன் ஊரின் எழுத்தும் தந்தையின் எழுத்தும் தன் பெயருக்கு முன்னே நிற்க வேண்டும் என்று விரும்பும் பிள்ளையாக அதனை வளர்த்து அனுப்புங்கள். எஞ்சியதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.